பாத்திக் களை கீழிருந்து, கல்பரப்புக் களை மேலிருந்து

வீட்டுத் தோட்டத்தில் ஒரு பக்கம் செடிப் பாத்தியும் இன்னொரு பக்கம் கூழாங்கல்லோ ஜல்லியோ பரப்பிய அலங்காரப் பகுதியும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பிடுங்குவது, துணி விரிப்பது, மருந்தடிப்பது. ஆனால் களை வரும் வழி இரண்டிலும் நேர் எதிர். பாத்தியில் அது மண்ணுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது: பழைய விதை, கிழங்கு, அறுந்த வேர்த்துண்டு. ஒழுங்காகப் போட்ட கல்பரப்பில் அது மேலிருந்து வந்து விழுகிறது: காற்றில் பறக்கும் விதை, பறவை எச்சம், கல்லிடுக்கில் சேரும் தூசும் இலைமட்கும். ஆகவே பாத்தியில் மண்ணைக் கிளறாமல் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். கல்பரப்பில் அழுக்கு சேராமல் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்கிறவர்களுக்குத்தான் வருடம் முழுவதும் களையெடுப்பு ஓய்வதில்லை.

வேரைப் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது

ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியைச் சிறு கடப்பாரையால் நெம்பி, வேர் அறுபடாமல் எடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். குப்பைமேனி, கீழாநெல்லி, குப்பைக்கீரை, நாய்வேளை, அம்மான் பச்சரிசி போன்றவற்றுக்கு ஒரு சிறிய வேர்க்கொத்துதான் இருக்கும். இவை விதையால் மட்டுமே பரவுகின்றன. பூப்பதற்கு முன் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினாலே போதும். மூக்கிரட்டை வேறு ரகம். அதன் வேர் தடித்து ஆழம் போயிருக்கும். மேலே கிள்ளினால் கழுத்திலிருந்து திரும்பத் தழையும். அதை ஈர மண்ணில் முழு வேரோடு எடுக்க வேண்டும்.

பருப்புக்கீரை என்றும் தரைப்பசலை என்றும் சொல்கிற சதைப்பற்றுக் கொடி மூன்றாவது ரகம். அதைக் கொத்தி அங்கேயே போட்டுவிட்டுப் போனால் துண்டான தண்டு ஒவ்வொன்றும் வேர் பிடிக்கும். பிடுங்கிய பிறகும் தண்டில் உள்ள ஈரத்தை வைத்துக்கொண்டு பூ காயாகி விதை முற்றிவிடும். நன்றாக வளர்ந்த ஒரே செடி லட்சக்கணக்கில் விதை விடக்கூடியது. அதனால் இதைக் கொத்துவதைவிடக் கையால் எடுத்து வாளியில் போட்டு வெளியேற்றுவதே சரி. புளியாரைக்கும் இதே கவனம் தேவை; அதன் காய் முற்றியபின் தொட்டால் வெடித்து விதையைத் தெறிக்கும். தொட்டிச் செடியில் ஒன்று இருந்தால் பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவுவது இப்படித்தான்.

நான்காவது ரகம் கோரையும் அருகும். இவற்றுக்குத் தனியாகவே பேச வேண்டும், கீழே வருகிறேன்.

மண்ணுக்குள் இருக்கும் இருப்பு

ஒரு பிடி தோட்ட மண்ணில் உறங்கும் விதைகள் எத்தனையோ. 1879-ல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகனில் களை விதைகளைப் பாட்டில்களில் போட்டுப் புதைத்து வைத்தார். அவற்றில் ஒரு பாட்டிலை 2021-ல் தோண்டியெடுத்து விதைத்தபோது, 142 ஆண்டு கழித்தும் சில விதைகள் முளைத்தன. எல்லாக் களை விதையும் அவ்வளவு நாள் தாங்காது. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் செத்துவிடும். ஆனால் ஒரு பருவம் களையெடுத்துவிட்டு மண் சுத்தமாகிவிட்டது என்று நினைக்க முடியாது.

சிறிய விதைகள் பெரும்பாலும் மேல் 2, 3 செ.மீ. மண்ணிலிருந்துதான் முளைக்கும். பல விதைகளுக்கு முளைக்க வெளிச்சத்தின் தூண்டுதலும் வேண்டும். ஒவ்வொரு நடவுக்கும் முன் பாத்தியை ஒரு முழம் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டுகிறவர், ஆழத்தில் உறங்கிய விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அடுத்த பருவத்துக் களையைத் தானே விதைக்கிறார். மண் இறுகியிருந்தால் முட்கரண்டி போன்ற தோட்டக் கருவியைக் குத்தி லேசாக நெம்பித் தளர்த்தினால் போதும். மேல்மண் மேலேயே இருக்கட்டும்.

புதுப் பாத்தியில் விதைப்பதற்கு முன் ஒரு வேலை செய்தால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். பாத்தியை விதைப்புக்குத் தயாரானது போலச் சமன் செய்து, தண்ணீர் விட்டு, 10 முதல் 14 நாள் சும்மா விட்டுவிடுங்கள். பச்சைப் போர்வை போல முளை கிளம்பும். வெயில் உள்ள ஒரு காலையில், தட்டையான களைக்கொத்தால் 1 முதல் 2 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் சுரண்டி விடுங்கள். இதை இரண்டு தடவை செய்தபின் விதைத்தால், முளைக்கக்கூடிய மேல்மட்ட விதையின் பெரும்பகுதி செலவாகியிருக்கும். இதில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: சுரண்டுவதற்குப் பதில் ஆழமாகக் கொத்திவிடுவார்கள். அப்போது புது விதைகள் மேலே வந்து கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

களைக்கொத்தின் முனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழுங்கிய கொத்து களையை வெட்டாது. மண்ணோடு சேர்த்து நகர்த்தும், அவ்வளவுதான். நகர்ந்த களை மறுநாள் நிமிர்ந்து நிற்கும். தட்டை அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சாய்வாக நாலைந்து தடவை தேய்த்தால் விளிம்பு வந்துவிடும். இதை ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் செய்ய வேண்டும். களையெடுக்கச் சரியான பருவம் அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பருவம்தான்: மண்ணுக்குள் வெள்ளை நூல் போல முளை ஓடும்போது மேல்மண்ணைக் கலைத்தாலே வெயிலில் காய்ந்து போகும். நாலு இலை வந்தபின் பத்து மடங்கு வேலை. மழைக்கு முந்தின மாலை கொத்துவதும், கொத்தியவுடன் தண்ணீர் விடுவதும் வீண். அறுந்த வேர் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

காய்கறிச் செடியைப் பொறுத்தவரை, விதைத்த அல்லது நட்ட பின் வரும் முதல் 4 முதல் 6 வாரம்தான் முக்கியம். அந்தக் காலத்தில் களை இல்லாமல் இருந்தால், பிறகு செடி தன் நிழலால் பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நேரம் குறைவாக உள்ளவர்கள் வருடம் முழுக்க அரைகுறையாகச் செய்வதைவிட, இந்த ஆறு வாரத்தில் மூன்று நாளுக்கு ஒரு தடவை பத்து நிமிடம் செலவழிப்பது மேல்.

மூடாக்கு: எவ்வளவு, எங்கே நிறுத்துவது

மூடாக்கு என்பது களைக்கு வெளிச்சம் போகாமல் மண்மேல் பரப்பும் வைக்கோல், இலை, மரச்சில்லு போன்ற போர்வை. அது தோல்வியடைவதற்கு முதல் காரணம் கஞ்சத்தனம். 2 செ.மீ. வைக்கோலைத் தூவி வைத்தால் களைக்கு ஈரமும் நிழலும் கொடுத்து வளர்த்ததாகவே ஆகும். மரத்தூள், நார்க்கழிவு போன்ற பொடியான பொருள் என்றால் 5 செ.மீ., மரச்சில்லு, பட்டைத்துண்டு, உலர்ந்த இலை போன்ற கரடான பொருள் என்றால் 7 முதல் 10 செ.மீ. தேவை. வைக்கோலும் இலையும் சில வாரத்தில் பாதியாக அமுங்கிவிடும் என்பதால் போடும்போதே இரு மடங்கு உயரம் போட வேண்டும்.

அளவு கணக்கு எளிது. சதுர மீட்டரை, செ.மீ.யில் உள்ள தடிமனால் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள பாத்தி 4.8 சதுர மீட்டர், 7.5 செ.மீ. மூடாக்குக்கு 360 லிட்டர். 50 லிட்டர் மூட்டையில் ஏழு மூட்டைக்கு மேல். இரண்டு மூட்டை வாங்கிவந்து பரப்பிவிட்டு மூடாக்கு வேலை செய்யவில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தண்டைச் சுற்றி 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். தண்டில் ஒட்டிக் குவித்தால் பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும். நத்தைக்கும் அது வசதி. மரத்தூள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துவிடும் என்ற பயம் பாதிதான் உண்மை: மண்ணோடு கலந்தால் இழுக்கும், மேலே பரப்பி வைத்தால் அது மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே நடக்கும். மேலோட்டமாக வேர் விடும் சிறு நாற்றுகள் உள்ள பாத்தியில் அதைத் தவிர்க்கலாம். புதர்ச்செடி, மரம் இவற்றுக்குப் பிரச்சினை இல்லை. வைக்கோலில் நெற்கதிரோ புல் விதையோ ஒட்டியிருந்தால் மூடாக்கே களையாகும். விரிப்பதற்கு முன் ஒருமுறை நனைத்து, முளைத்தவற்றைக் காயவிட்டு, பிறகு பயன்படுத்தலாம்.

புல் மூடிய இடத்தில் புதுப் பாத்தி போடுவதற்கு அட்டைப்பெட்டி நல்ல வழி. டேப், ஸ்டேபிள் பின் எல்லாவற்றையும் உரித்து, பளபளப்பு அச்சு இல்லாத பழுப்பு அட்டையை மட்டும் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று 15 முதல் 20 செ.மீ. ஏறும்படி அடுக்கி, தொப்பலாக நனைத்து, மேலே 10 செ.மீ. மட்கு அல்லது மரச்சில்லு போட வேண்டும். ஏறுமானம் குறைந்த இடத்தில்தான் புல் தலைகாட்டும். கரையான் உள்ள இடங்களில் வீட்டுச் சுவரை ஒட்டியும் மரச்சட்டத்தை ஒட்டியும் அட்டை போடாதீர்கள். அதை அழைத்து வந்து விருந்து வைத்ததாகும்.

பாத்திக்குள் களைத்தடுப்புத் துணி போட்டு அதன்மேல் மரச்சில்லு பரப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. சில்லு மட்கி ஒரு வருடத்தில் துணிக்கு மேலேயே மண் உண்டாகிறது. அதில் விழுந்த விதை முளைத்து, வேர் துணியின் கண்ணுக்குள் பின்னிக்கொள்கிறது. பிடுங்கினால் துணி கிழிகிறது. துணிக்குக் கீழே உள்ள மண்ணுக்கோ மட்கு போய்ச் சேர்வதில்லை. துணிக்கு ஏற்ற இடம் கல்லுக்கு அடியில்.

வெயிலை வேலைக்கு வைப்பது

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை விரித்து மண்ணைச் சூடேற்றும் முறையை 1976-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்; அன்றிலிருந்து வெயில் மிகுந்த நாடுகளில் எல்லாம் பயன்படுகிறது. பாத்தியைச் சமன் செய்து, கட்டி கல் நீக்கி, நன்றாக நீர் பாய்ச்சி, 25 முதல் 50 மைக்ரான் தடிமன் உள்ள நிறமற்ற தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, நாலு ஓரத்தையும் 15 செ.மீ. பள்ளத்தில் புதைத்து மண் மூட வேண்டும். கடும் கோடையில் 4 முதல் 6 வாரம். ஈரம் இல்லாத மண்ணில் சூடு கீழே இறங்காது, உலர்ந்த விதையும் சூட்டைத் தாங்கும். இதை மறந்தவர்களுக்குப் பலன் வராது. தாளுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றிடம் இருந்தாலும் அப்படியே.

கறுப்புத் தாள் இந்த அளவு சூடேற்றாது. அது வெளிச்சத்தை மறைத்துப் பட்டினி போடும் முறை. வெயில் குறைந்த பருவத்திலும் பழைய தார்ப்பாயைக் கொண்டு இதைச் செய்யலாம், ஆனால் காலம் அதிகம் எடுக்கும். இரண்டு முறையிலும் தாளை எடுத்தபின் மண்ணை ஆழமாகக் கொத்தக் கூடாது. செத்தது மேல் அடுக்கின் விதை மட்டுமே.

கோரை

தோட்டக்காரருடைய பொறுமையைச் சோதிப்பதில் கோரைக்கு இணை இல்லை. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போல ஒன்றோடொன்று கோத்திருக்கும். பெரும்பாலானவை மேல் 15 செ.மீ.க்குள், சில 30 செ.மீ. ஆழத்திலும் உண்டு. சங்கிலி முழுதாக இருக்கும்வரை முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்து, பின்னால் உள்ளவை உறங்கும். மண்வெட்டியால் கொத்திச் சங்கிலியை அறுத்தால் உறங்கிய ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். கொத்தக் கொத்தக் கோரை பெருகுகிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது கிழங்கின் சேமிப்பை வற்றடிப்பது. முளை வெளிவந்து 5, 6 இலை ஆகும்வரை அது கிழங்கின் இருப்பைச் செலவழிக்கிறது. அதற்குப் பிறகு புதுக் கிழங்கு கட்டத் தொடங்குகிறது. எனவே அந்த இலை எண்ணிக்கைக்கு முன் ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட வேண்டும். வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, தவறாமல். ஒரு கிழங்கு பத்துத் தடவைக்கு மேலும் முளைக்க வல்லது. ஒரு பருவத்தில் முடியாது, இரண்டு பருவமாகும். நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டால் செலவழித்ததை அது மீண்டும் சேர்த்துக்கொள்ளும். இங்கொன்று அங்கொன்றாக இருந்தால் மட்டும் தோண்டலாம்: செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, 30 செ.மீ. ஆழம் வரை மண்ணோடு எடுத்து, சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்க வேண்டும்.

கோரையின் முளை ஊசி முனை கொண்டது. மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும், மூடாக்கையும் துளைக்கும். நிழல் மட்டும் அதற்கு ஆகாது. சர்க்கரைவள்ளி, தட்டைப்பயறு போல அடர்ந்து படரும் பயிரை அந்தப் பாத்தியில் ஒரு பருவம் போட்டால், களையெடுப்போடு சேர்ந்து அது பெரிய உதவி. கோரை அதிகம் தெரிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா, சொட்டுநீர்க் குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள். ஈரம் அதற்குப் பிடிக்கும். ஆனால் ஈரத்தை நிறுத்தினால் மட்டும் ஒழியாது.

அருகம்புல் மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். கணு உள்ள துண்டு எது கிடந்தாலும் துளிர்க்கும். சுழல் கலப்பையோ உழவுக் கருவியோ ஈர மண்ணில் ஓட்டினால் ஆயிரம் துண்டாக நறுக்கி நட்டதாகும். வறண்ட கோடையில் தோண்டிப் புரட்டி, வேர்த்தண்டுகளை வெயிலில் சருகாகக் காயவிட்டு வாரி எடுப்பதே நல்ல வழி. புல்தரையிலிருந்து பாத்திக்குள் நுழைவதைத் தடுக்க, எல்லையில் 15 செ.மீ. ஆழத்துக்கு உலோகத் தகடோ கான்கிரீட் தடுப்போ புதைத்து, தரைக்கு மேல் 3 செ.மீ. நிற்கவிட வேண்டும். அதுவும் முழுக் காவல் இல்லை. மேலே தாண்டி வரும் ஓடுதண்டை மாதம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும்.

காசு கொடுத்து வாங்கி வரும் களை

புதுக் களையின் பெரும்பங்கு வாசல் வழியாகத்தான் வருகிறது. நாற்றங்காலில் வாங்கும் தொட்டியின் மேல் 2 செ.மீ. மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு நடுங்கள். கீழாநெல்லியும் புளியாரையும் அந்த அடுக்கில்தான் இருக்கும். லோடு மண் வாங்குவதற்கு முன் ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து நனைத்து மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். கோரை முளைத்தால் அந்த மண் வேண்டாம்.

தொழுவுரம் மக்காமல் இருந்தால் மாட்டின் வயிற்றைத் தாண்டி உயிரோடு வந்த விதைகள் அதில் இருக்கும். மட்குக் குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள் நின்று, குவியலைப் புரட்டி ஓரத்தில் இருந்ததும் உள்ளே போயிருந்தால்தான் விதை சாகும். இதற்குக் குவியல் நீள, அகல, உயரம் மூன்றிலும் 1 மீட்டராவது இருக்க வேண்டும். சின்ன வாளியில் அந்தச் சூடு வராது. இன்னொரு ஆபத்தும் உண்டு. புல்வெளியில் அடித்த அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லி, தீவனம் வழியே சாணத்துக்கும் மட்குக்கும் அப்படியே வந்து தக்காளி, அவரை இவற்றின் இலையைச் சுருட்டும். சந்தேகம் இருந்தால் அந்த உரம் கலந்த ஒரு தொட்டியிலும் கலக்காத ஒரு தொட்டியிலும் அவரை விதை போட்டு மூன்று வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்பரப்பு: போடும் நாளிலேயே முடிவாகிற விஷயம்

கல் கொட்டிய பிறகு அடியில் உள்ள அருகையோ கோரையையோ ஒழிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆகவே முதல் வேலை, நீர் விட்டு முளைக்கவிட்டு, எடுத்து, மறுபடி முளைக்கவிட்டு எடுப்பது. அவசரம் காட்ட வேண்டாம்; ஒரு பருவம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

பிறகு 7 முதல் 10 செ.மீ. மண்ணை வெட்டியெடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து விலகி மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு வரும்படி சமன் செய்து, திமிசால் இறுக்க வேண்டும். சரிவில்லாத பரப்பில் தண்ணீர் நிற்கும் குழியில்தான் வண்டல் படியும். வண்டல் படிந்த இடத்தில்தான் முதல் களை வரும். தளர்ந்த மண்மேல் கல் போட்டால், நடக்க நடக்கக் கல் மண்ணுக்குள் இறங்கி இரண்டும் கலந்துவிடும்.

துணி என்றால் நீர் இறங்கும் ஜியோடெக்ஸ்டைல், சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் எடையுள்ளது. பாலித்தீன் தாள் வேண்டவே வேண்டாம்: நீர் தேங்கும், பக்கத்து மர வேர் மூச்சுத் திணறும், தாளின் மேல் சேற்றில் பாசி பிடிக்கும். இரண்டு துணி சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ.க்குக் குறையாமல், சரிவில் 30 செ.மீ. வரை ஏறும்படி விரியுங்கள். 15 செ.மீ. நீள வளைந்த ஆணிகளை ஓரத்தில் 30 முதல் 50 செ.மீ.க்கு ஒன்றும் நடுவில் மீட்டருக்கு ஒன்றும் அடியுங்கள். செடி நடும் இடத்தில் வட்டமாக வெட்டாமல் பெருக்கல் குறி போல வெட்டி, நட்டபின் மடிப்புகளைத் திரும்ப மூட வேண்டும். நெய்த வகைத் துணியின் வெட்டு விளிம்பு நூல் பிரியும். அதை லைட்டர் சுடரால் லேசாக உருக்கிக் கட்டலாம். துணி எங்கும் வெளியே தெரியக் கூடாது, வெயில் பட்டால் நொறுங்கிப்போகும். சுவர் ஓரம், தடுப்பு ஓரம் இரண்டிலும் துணியை மேலே மடித்து ஒட்டி வையுங்கள். கல்பரப்பில் களை கிளம்பும் இடங்களை வரைந்து பார்த்தால் பாதிக்கு மேல் அந்த ஓரக்கோடுதான்.

கல்லின் அளவு தோற்றத்துக்காக மட்டும் தேர்வதல்ல. 6 மி.மீ. சிறு சரளை தூசைப் பிடித்து வைத்து நல்ல விதைப்படுக்கை ஆகும். (பூனைகளுக்கும் அது மிகவும் பிடிக்கும்.) 20 முதல் 40 மி.மீ. கல் என்றால் ஊதுகருவியால் இலையை ஊதும்போது கல் நகராமல் குப்பை மட்டும் போகும். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று கவ்வி நிற்கும். உருண்டைக் கூழாங்கல் சரிவில் உருளும், நடைபாதைக்குச் சரிப்படாது. தடிமன் 5 முதல் 7 செ.மீ. ஒரு கனமீட்டர் கல் சுமார் 1.5 டன் என்று வைத்துக்கொண்டால், 10 சதுர மீட்டருக்கு 6 செ.மீ. போட 0.6 கனமீட்டர், ஏறக்குறைய 900 கிலோ. கொட்டும் முன் கல்லை அலசுவது கட்டாயம். குவாரித்தூள் ஒட்டிய கல்லைக் கொட்டினால் முதல் மழையிலேயே தூள் இறங்கித் துணிமேல் படிந்து, களைக்கான மண்ணை நாமே கொடுத்தது போலாகும்.

பாறைகளை மண்மேல் அப்படியே வைத்தால் அடியோரம் ஒழுகும் நீரால் அங்கே எப்போதும் ஈரம் இருக்கும், களை வளையமாக முளைக்கும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புதைத்து, சுற்றிக் கரடான ஜல்லியால் இறுக்கினால் அந்த வளையம் குறையும். பார்வைக்கும் பாறை அங்கேயே இருந்தது போல அமையும். இலை கொட்டும் மரத்தடியில் கல்பரப்பு போடுவது தொடர் தண்டனை. அங்கே மரச்சில்லு மூடாக்கே பொருத்தம், விழும் இலையும் அதோடு சேர்ந்துவிடும்.

பராமரிப்பில் ஒன்றுதான் முக்கியம்: குப்பையைக் காயும்போதே ஊதுவது அல்லது வாருவது. ஈரமாகி மட்கிவிட்டால் கல்லுக்கு நடுவே இறங்கிவிடும். முளைத்த களையை மழைக்கு மறுநாள், இரண்டு இலையாக இருக்கும்போதே எடுத்தால் வேர் துணிக்குள் போயிருக்காது. வளர்ந்துவிட்டதை இழுக்காமல், கல்லை விலக்கி, துணியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல உருவுங்கள். சில ஆண்டில் கல்லடியில் ஒரு விரற்கடை மண் சேர்ந்திருந்தால் களையெடுத்துப் பயனில்லை. பகுதி பகுதியாகக் கல்லை அள்ளி, 10 மி.மீ. சல்லடையில் சலித்து, அலசித் திரும்பக் கொட்ட வேண்டும். சலித்த மண் பாத்திக்கு வேண்டாம், அது முழுக்க விதை. நெருஞ்சி வந்த இடத்தில் செடியை எடுத்தபின் கிடக்கும் முள்காய்களைப் பழைய கம்பளத் துண்டை அழுத்திப் பொறுக்கலாம், குத்திக்கொண்டு வந்துவிடும்.

கொதிநீர், தீ, வினிகர், உப்பு

கல்லிடுக்கில் உள்ள சிறு களைக்குக் கொதிக்கும் தண்ணீர் நன்றாக வேலை செய்யும். அடுப்பிலிருந்து எடுத்த உடனே, வேரடியில், மெல்ல ஊற்ற வேண்டும். ஆழ வேர் உள்ளவற்றுக்கு இரண்டு வாரம் விட்டுத் திரும்ப. காலணி, முழுக்கால் உடை அவசியம்.

வாயு எரிகருவி எரிப்பதற்கு அல்ல, வாட்டுவதற்கு. சுடரை ஒரு நொடி காட்டிவிட்டு, இலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ரேகை கரும்பச்சையாகப் பதிந்தால் செல் உடைந்துவிட்டது, சில மணி நேரத்தில் வாடும். புல் வகையின் வளர்முனை தரைக்குக் கீழே இருப்பதால் திரும்ப வரும். துணி விரித்த பரப்பில் இதைச் செய்தால் துணி உருகும். ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடித்துச் சிதறும். காய்ந்த மூடாக்கு பக்கத்தில் இருந்தால் நினைத்தே பார்க்க வேண்டாம்.

சமையலறை வினிகர் 5 சதவீத அமிலம். வெயிலில் தெளித்தால் இரண்டு இலை முளையைக் கருக்கும், வேரைத் தொடாது. 20 சதவீத அடர்த்தியுள்ளது வலுவானது, ஆனால் கண்ணைக் கெடுக்கும் அளவு ஆபத்தானது. கண்ணாடியும் கையுறையும் இன்றித் தொடக் கூடாது. உப்பு, வினிகர், சோப்பு கலவை என்று எங்கும் சுற்றிவரும் குறிப்பில் நிலைத்து வேலை செய்வது உப்புதான். அதனால்தான் அது வேண்டாம். சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து இறுக்கும், மழையில் ஓடிப் பக்கத்துப் பாத்திக்குப் போகும், கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியையும் அரிக்கும்.

களைக்கொல்லியை எடுக்கிறவர்கள் முதலில் தங்கள் நாட்டு விதியையும் டப்பாவின் அறிவுறுத்தலையும் பார்க்க வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கப் பெரும்பாலும் வாய்ப்புள்ளது’ என்ற வரிசையில் சேர்த்தது. பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு. அது இலை வழியே உள்ளே போய் வேருக்கு இறங்குவது. வாடிய களையிலும் தூசு படிந்த இலையிலும் பலிக்காது. கலங்கல் தண்ணீரில் கலந்தால் மண்துகளோடு ஒட்டிச் செயலிழக்கும். அடித்தபின் ஒரு வாரத்துக்கு அந்தக் களையை வெட்டக் கூடாது. புதருக்குள் புகுந்த அருகுக்குத் தெளிப்பதைவிடத் தூரிகையால் இலையில் பூசுவது பாதுகாப்பு. விதை முளைக்காமல் தடுக்கும் பெண்டிமெத்தலின் போன்றவை முளைத்துவிட்ட களையை ஒன்றும் செய்யாது. போட்டபின் நீர் விட்டு மண்ணில் இறக்க வேண்டும். விதைக்கப் போகும் பாத்திக்கு ஆகாது. வெளிர்நிறக் கல்லில் அது மஞ்சள் கறை விடும் என்பதையும் தெரிந்துகொண்டு கையில் எடுங்கள்.

பிடுங்கியதை எங்கே போடுவது

பூக்காத விதைக்களையைப் பாத்தியிலேயே வேர் மேல்நோக்கிப் பரப்பிக் காயவிடலாம். பூத்தது, காய்த்தது, கோரைக் கிழங்கு, அருகின் தண்டு, பருப்புக்கீரை ஆகியவற்றைக் கறுப்பு நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் இரண்டு மாதம் வையுங்கள். அல்லது மூடியுள்ள வாளியில் நீரில் மூழ்கவிட்டு ஆறு வாரம் அழுகவிடலாம். மூடி இல்லையென்றால் கொசு முட்டையிடும். பார்த்தீனியத்தைக் கையுறையும் முகமூடியும் இன்றித் தொடாதீர்கள், தோல் அரிப்பும் மூச்சு ஒவ்வாமையும் வரும். அதையும் பூப்பதற்கு முன் எடுத்தால்தான் பாதுகாப்பு. அம்மான் பச்சரிசியின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்தியில் கோரையைத் தோண்டிய கருவியை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும் முன் மண்ணைத் தட்டி, கழுவிவிட்டுத்தான் போக வேண்டும்.